கேரவனில் குகைகளும் அருங்காட்சியகங்களும்: புதுச்சேரி, கடலூரிலிருந்து கிளம்புவோர் கேட்கும் கேள்விகள்

படுக்கை, அடுப்படி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அமைந்த கேரவன் வண்டியை வாடகைக்கு எடுத்து, குடும்பத்தோடு ஊர் பார்க்கக் கிளம்பும் வழக்கம் இப்போது நம் பக்கத்திலும் பரவி வருகிறது. அப்படிக் கிளம்புவோர் குகைக்கோயில்களையும் அருங்காட்சியகங்களையும் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை.

நம் பக்கத்தில் குகை என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?

ஆழமாக உள்ளே இறங்கி, டார்ச் அடித்துக்கொண்டு நடக்கும் வகைக் குகைகள் இங்கே கிடையாது. அவை பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையில் உருவாகின்றவை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகி, பல லட்சம் ஆண்டுகள் கல்லை அரித்தால்தான் அப்படிப்பட்ட பொந்துகள் விழும். விழுப்புரம், செஞ்சிப் பக்கத்துக் குன்றுகள் கருங்கல் வகையைச் சேர்ந்தவை; அவற்றைத் தண்ணீர் அவ்வாறு கரைப்பதில்லை. ஆகவே இங்கே இருப்பவை இரண்டு வகை: பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து இயற்கையாக அமைந்த, சமண முனிவர்கள் தங்கிய நிழற்குகைகள் ஒன்று; பல்லவர் காலத்தில் உளியால் குடைந்தெடுத்த குடைவரைகள் மற்றொன்று. இரண்டாம் வகையில் தமிழ்நாட்டின் தொடக்கக் கட்டமே விழுப்புரம் மாவட்டத்தில்தான் கிடக்கிறது. மாமல்லபுரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பல்லவர் குகைகளைப் பார்த்தாயிற்று என்று நினைப்பவர்கள் கதையின் முதல் அத்தியாயத்தைப் படிக்காமல் விட்டவர்கள்.

அருங்காட்சியகம் முதலில் பார்க்க வேண்டுமா, இடம் முதலில் பார்க்க வேண்டுமா?

அருங்காட்சியகம்தான் முதலில். இதை வலியுறுத்திச் சொல்வதற்கு அரிக்கமேடே போதுமான காரணம். புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், ரோமானியரோடு வணிகம் நடந்த பழந்துறைமுகம் புதைந்திருக்கும் அந்த மேட்டுக்கு நேராகப் போகிறவர், தென்னை மரங்களுக்கு நடுவே நிற்கும் இரண்டு செங்கல் சுவர்களைப் பார்த்து, இவைதான் அந்தத் துறைமுகத்தின் மிச்சம் என்று எண்ணிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார். உண்மையில் அந்தச் சுவர்கள் 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் இருந்த கட்டடத்தின் எச்சம். தொல்லியலாளர்களான மார்ட்டிமர் வீலர் 1945இலும், அவரை அடுத்துக் கசால் 1947 முதல் 1950 வரையும், விமலா பெக்லி 1989 முதல் 1992 வரையும் தோண்டிய குழிகள் எல்லாம் மூடப்பட்டுவிட்டன. கிடைத்த பொருள்களோ அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைகளுக்குப் போய்விட்டன.

எனவே புதுச்சேரியில் பாரதி பூங்காவுக்கு அருகே, செயின்ட் லூயி தெருவில் உள்ள அருங்காட்சியகத்தில் முதல் காலையைச் செலவிடுங்கள். மேற்கே இருந்து மதுவும் எண்ணெயும் வந்த ஆம்போரா ஜாடிகளின் உடைசல்கள், உட்புறம் வட்டமாகச் சிறு புள்ளி வரிகள் ஓடும் சுழல்வரிப் பானை ஓடுகள் ஆகியவற்றை அங்கே காணலாம். நின்று பார்க்க வேண்டியவை மணிகள். கடுகு அளவுக்கும் சற்றே பெரிதான கண்ணாடி மணிகள், சிவப்பும் நீலமும் பச்சையுமாக இருக்கும். கண்ணாடியை உருக்கி நீண்ட குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடேற்றி முனையை மழுக்கியவை. இவை அரிக்கமேட்டிலேயே செய்யப்பட்டன. இதே வகை மணிகள் தென்கிழக்கு ஆசியா வரை கிடைக்கின்றன. குனிந்து பார்த்தால் துளையின் ஓட்டமும் உள்ளிருக்கும் நுண்ணிய குமிழ்களும் ஒரே திசையில் நீண்டிருப்பது தெரியும். குழாயை இழுத்த திசை அது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளும், பிரெஞ்சுக்கார வீட்டு நாற்காலி மேசைகளும், ஆள் தள்ளிக்கொண்டு போன புஷ்புஷ் வண்டியும் அதே கட்டடத்தில் உண்டு. இவற்றைப் பார்த்த பிறகு மாலையில் அரிக்கமேட்டுக்குப் போனால், வெறும் மேடு வெறும் மேடாகத் தெரியாது.

எந்தக் கிழமையில் எதற்குப் போவது?

பயணத் திட்டமே இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. தமிழ்நாடு அரசு அருங்காட்சியகங்களுக்கும், கங்கைகொண்டசோழபுரம் போன்ற இடங்களில் மத்தியத் தொல்லியல் துறை நடத்தும் அருங்காட்சியகங்களுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. எல்லையைத் தாண்டினால் விடுமுறை மாறிவிடுகிறது என்பதால், வெள்ளிக்கிழமையைக் குகைகளுக்கும், திங்கட்கிழமையைத் தமிழ்நாட்டுப் பக்கத்து அருங்காட்சியகங்களுக்கும் ஒதுக்கிவைத்துக்கொள்ளுங்கள். மாமல்லபுரம், செஞ்சி போன்ற திறந்தவெளி நினைவுச் சின்னங்களுக்கு இந்தக் கிழமைக் கணக்கு பொருந்தாது. சனி, ஞாயிறுகளில் புதுச்சேரிக்குள் கேரவனோடு நுழைவதைத் தவிர்ப்பதே நல்லது.

புதுச்சேரி நகருக்குள் கேரவனை ஓட்ட முடியுமா?

ஓட்டலாம், நிறுத்த முடியாது. பழைய நகரைச் சுற்றி ஓடும் புல்வார் சாலைக்குள் தெருக்கள் நேராக இருந்தாலும் குறுகலானவை. இரு பக்கமும் இருசக்கர வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். கடற்கரைச் சாலை மாலை 6 மணி முதல் மறுநாள் காலை வரை வண்டிகளுக்கு மூடப்பட்டுவிடும். புறநகரில் விடுதி வளாகத்தில் வண்டியை விட்டுவிட்டு, ஆட்டோவில் வந்து நடந்து பாருங்கள். அருங்காட்சியகத்திலிருந்து, 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியாரின் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு நினைவில்லமும், பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வாழ்ந்த வீடும் நடந்தே போகக்கூடிய தொலைவில் உள்ளன.

மண்டகப்பட்டுக்கு வண்டி போகுமா? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

முதலில் ஓர் எச்சரிக்கை. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் வழியில் எல்லையில் வருவது மதகடிப்பட்டு. குகை இருப்பது மண்டகப்பட்டில். அது விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில், விழுப்புரத்தைத் தாண்டி ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் இருக்கிறது. கைப்பேசி வரைபடத்தில் அவசரமாகத் தட்டச்சு செய்து ஊர் மாறிப் போனவர்கள் உண்டு. செஞ்சி நெடுஞ்சாலை வரை வண்டிக்கு எந்தச் சிரமமும் இல்லை. ஊருக்குள் திரும்பும் சாலையில் தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளும் புளியமரக் கிளைகளும்தான் கவலை. டெம்போ டிராவலர் அளவு வண்டியின் கூரைமேல் ஏசி பெட்டி வைத்திருந்தால் உயரம் 3 மீட்டரை நெருங்கும். ஒருவர் இறங்கி முன்னே நடந்து பார்த்துச் சொல்ல வேண்டும். இடம் இல்லையென்றால் நெடுஞ்சாலை ஓரத்திலேயே அகலமான இடத்தில் நிறுத்திவிட்டு நடப்பது மேல்.

மலையேற வேண்டியதில்லை, சிறு குன்றின் அடிவாரப் பாறையிலேயே குடைந்திருக்கிறார்கள். முகப்பில் நடுவே இரண்டு தூண்கள், ஓரங்களில் இரண்டு அரைத்தூண்கள், அவற்றுக்கு வெளியே இருபுறமும் மாடங்களில் தண்டாயுதத்தின்மேல் சாய்ந்து நிற்கும் துவாரபாலகர்கள். தூணின் அடியும் தலையும் சதுரமாகவும் இடைப்பகுதி எட்டுப் பட்டையாகவும் இருக்கின்றன. மகேந்திரவர்மன் காலத்துத் தூணை வேறெங்கும் அடையாளம் காண இந்த ஒன்றே போதும். உள்ளே மூன்று கருவறை மாடங்கள், மூன்றும் காலி. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவருக்கும் விசித்திரசித்தன் என்னும் அரசன் இந்தக் கோயிலை அமைத்தான் என்று சொல்கிறது. விசித்திரசித்தன் என்பது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். தமிழ்நாட்டில் கல்லிலேயே கோயில் எடுக்கும் துணிச்சலை ஓர் அரசன் தானே வாய்விட்டுப் பெருமைப்பட்டுக்கொண்ட இடம் இது. சிலைகளின் எண்ணிக்கையை எதிர்பார்த்துப் போனால் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். அந்தக் கல்வெட்டின் பொருளைத் தெரிந்துகொண்டு போனால் அரைமணி நேரமாவது ஆகும்.

அதே சாலையிலிருந்து பிரிந்து போனால் தளவானூரில் மகேந்திரனின் சத்துருமல்லேசுவரம் இருக்கிறது. முகப்பில் மகரதோரணம், அதாவது மகர மிருகத்தின் வாயிலிருந்து வளையும் அலங்கார வளைவு, உள்ள குடைவரை அது. நேரம் இருப்பவர்கள் பனமலைக்கும் போகலாம். அது குகையன்று, பல்லவ மன்னன் இராசசிம்மன் கட்டிய கற்கோயில். ஆனால் அங்கே ஒரு சிற்றறைச் சுவரில் பார்வதி ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் பல்லவர் கால ஓவியம் எஞ்சியிருக்கிறது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும் சிவன் பெருமளவு அழிந்துவிட்டான். ஓவியத்தின்மேல் ஃபிளாஷ் அடித்துப் படம் எடுக்காதீர்கள்.

எழுத்து, கல்வெட்டு ஆர்வம் உள்ளவர்களுக்கு எந்தக் குகை?

ஜம்பை. திருக்கோவிலூர் அருகே உள்ள இந்த ஊர்க் குன்றில், தாசிமடம் என்று ஊரார் சொல்லும் இயற்கைக் குகையில், 1981இல் ஒரு தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி' என்பது அதன் வாசகம். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவனாக நாம் பாடத்தில் படித்த அதே அதியமான் நெடுமான் அஞ்சி சமண முனிவர்களுக்குத் தங்கும் இடம் கொடுத்திருக்கிறான். அத்தோடு, அசோகரின் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்துச் சொல்லப்படும் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் விவாதித்து வந்த கேள்விக்கும் இந்த ஒற்றை வரி விடை கொடுத்துவிட்டது. திருக்கோவிலூருக்குப் போகும் வழியில் கீழ்வாலையில் செங்காவி நிறப் பாறை ஓவியங்களும் உள்ளன; அதிகாலையிலோ மாலையிலோ போனால்தான் கோடுகள் பிரிந்து தெரிகின்றன, உச்சிவெயிலில் பாறை முழுவதும் ஒரே வெளுப்பாகிவிடுகிறது.

செஞ்சியை இதில் சேர்க்கலாமா?

கட்டாயம் சேர்க்கலாம், ஆனால் தனி நாளாக. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளை இணைக்கும் இந்தக் கோட்டை, 2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகளின் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பன்னிரண்டில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். கடலூர்க்காரர்களுக்கு இங்கே தனிப்பட்ட ஓர் உறவு உண்டு. செஞ்சியிலிருந்து ஆண்ட மராட்டிய அரசர் இராஜாராம் 1690இல் ஆங்கிலக் கம்பெனிக்குத் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விற்றபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. குண்டு கிராமங்கள் என்ற பெயர் அப்படி வந்தது. அந்தக் கோட்டைதான் செயின்ட் டேவிட் கோட்டை.

செஞ்சிக்கு அருகிலேயே குகை ஆர்வலர்களுக்கு இரண்டு இடங்கள் உள்ளன. சிங்கவரத்தில் பள்ளிகொண்ட அரங்கநாதர் பாறையிலேயே வடிக்கப்பட்டு இன்றும் வழிபாட்டில் இருக்கிறார். திருநாதர்குன்றில் ஒரே பெரும் பாறையில் பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு வரிசைகளில் சமணரின் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் வடிக்கப்பட்டிருக்கிறார்கள். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் ஆசிரியரின் நினைவாக வெட்டிய பழைய வட்டெழுத்துக் கல்வெட்டும் அங்கே உண்டு.

பிள்ளைகளுக்கு எது பிடிக்கும்?

திருவக்கரை. புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் இருக்கும் தேசியக் கல்மரப் பூங்காவில், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகித் தரையில் கிடக்கின்றன. சிலவற்றின் நீளம் 15 மீட்டர் வரை இருக்கும். மண்ணில் புதைந்த மரத்துக்குள் சிலிகா கலந்த நீர் ஊறி, மரத்தின் நுண்ணறைகள் ஒவ்வொன்றிலும் படிந்து, மரம் போய்க் கல் நின்றுவிட்டது. வெட்டுமுகத்தில் ஆண்டு வளையங்களும் கணுக்களும் அப்படியே தெரிகின்றன. தட்டினால் மட்டும் கல்லின் ஓசை. கிளையும் வேரும் பட்டையும் இல்லாமல் எல்லாம் படுத்தே கிடப்பதால், இவை அங்கேயே வளர்ந்தவை அல்ல, பெருவெள்ளம் அடித்துக்கொண்டு வந்து போட்டவை என்பது நிலவியலாளர் முடிவு. இவை கிடக்கும் பாறை அடுக்குக்குக் கடலூர் மணற்கல் என்றே பெயர். ஒரு துண்டைக்கூட எடுத்து வரக் கூடாது என்று பிள்ளைகளிடம் வண்டியிலேயே சொல்லிவிடுங்கள். சின்னச் சில்லுகள் காலடியில் கிடக்கும்போது பெரியவர்களுக்கும் கை துறுதுறுக்கும்.

ஓட்டுநர் உரிமம், அனுமதிச் சீட்டு?

வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் இலகுரக மோட்டார் வாகன உரிமமே போதும். போக்குவரத்து வகை வண்டிக்கும் அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தெளிவுபடுத்திவிட்டது. நீங்களே ஓட்டும் வாடகை வண்டியின் எண்பலகை கறுப்பில் மஞ்சள் எழுத்தாகவும், ஓட்டுநரோடு வரும் வாடகை வண்டியின் பலகை மஞ்சளில் கறுப்பு எழுத்தாகவும் இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்குக் கொடுக்கிறேன் என்பவரிடம் எடுக்காதீர்கள். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை கேட்கும்போது சிக்கல் வரும். புதுச்சேரிப் பகுதியும் தமிழ்நாடும் இங்கே ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பதால் ஒரே நாளில் பலமுறை எல்லை தாண்டுவீர்கள். இரண்டு பக்கத்துக்கும் அனுமதி உண்டா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். டீசலைப் புதுச்சேரியில் நிரப்பிக்கொண்டால் விலை குறைவு. மதுபாட்டிலை மட்டும் நிரப்பிக்கொள்ள வேண்டாம். முள்ளோடை, கோரிமேடு, மதகடிப்பட்டு வழிகளில் பெரிய வண்டிகளை நிறுத்திச் சோதிப்பார்கள். அகப்பட்டால் வண்டியும் பறிமுதலாகும்.

இரவில் எங்கே நிறுத்துவது? தண்ணீர், கழிவுக்கு என்ன வழி?

நம் பக்கத்தில் கேரவனுக்கென்று அமைந்த நிறுத்துமிடங்கள் அரிது. விடுதி அல்லது கல்யாண மண்டப வளாகத்தில் பணம் கட்டி நிறுத்துவதே பாதுகாப்பு. நெடுஞ்சாலை ஓரப் பெட்ரோல் பங்குகளில் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். ஏரிக்கரையில் காற்று நன்றாக வரும் என்று நிறுத்தாதீர்கள். மழை வந்தால் கரைமண் இளகி இரவோடு இரவாகச் சக்கரம் இறங்கிவிடும். ஊருக்குள் ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்குவது ஊராருக்குச் செய்யும் தொல்லை.

கடலோரத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். கழுவப் பயன்படும், குடிக்கவும் சமைக்கவும் கேன் வாட்டர் வாங்குங்கள். கழிப்பறைத் தொட்டியை வாய்க்காலிலோ ஏரியிலோ திறந்துவிடுவது குற்றம்; அது நாளை அந்த ஊர்ப் பிள்ளைகள் குளிக்கும் தண்ணீர். கழிவுநீர் லாரிக்காரரை அழைத்து எடுக்கச் சொல்லுங்கள், அல்லது தங்கும் விடுதியின் தொட்டியில் விட அனுமதி கேளுங்கள். குகைகளின் அருகில் கழிப்பறை இருக்காது என்பதால் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் இந்த வண்டியின் பெரும்பயன் இதுதான்.

குகைக்குள் ஆபத்து ஏதும் உண்டா?

பாம்பைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். மலைத்தேனீயைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பாறையின் நெற்றிப் பகுதியில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டதுபோல் ஓர் அடை தெரிந்தால், அதன் மேற்பரப்பில் அவ்வப்போது ஓர் அலை ஓடி அடங்குவதைக் காணலாம். அத்தனையும் உயிருள்ள தேனீ. அதன் கீழே சூடம் கொளுத்துவது, புகைப்பது, டிரோன் பறக்கவிடுவது எதையும் செய்யக் கூடாது. அடுக்கடுக்காக வாசனைத் திரவியம் பூசிக்கொண்டும் போக வேண்டாம். கலைந்துவிட்டால் தண்ணீரில் குதிப்பதும் படுத்துக்கொள்வதும் பயன்படா. முகத்தை மூடிக்கொண்டு ஓடி வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திவிடுங்கள். வௌவால் நாற்றம் வீசும் குகையில் மூக்கைக் கட்டிக்கொண்டு சற்று நேரம் மட்டும் நில்லுங்கள். வழிபாட்டில் உள்ள இடங்களில் செருப்பை வெளியே விட வேண்டியிருப்பதால், சித்திரை வைகாசியில் காலை 9 மணிக்குள் முடித்துவிடுவது உள்ளங்காலுக்கு நல்லது.

எந்த மாதம் ஏற்றது?

தை முதல் மாசி வரை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையோடு புயலும் சேர்ந்து வரும். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூரையும் புதுச்சேரியையும் தாக்கியது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபின் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் விழுப்புரம், கடலூர் மாவட்டச் சாலைகளைத் துண்டித்தது. அந்த மாதங்களில் போவதாயின் பெண்ணையாற்றின் எந்தக் கரையில் இரவு தங்குகிறோம் என்பதையாவது யோசித்து வையுங்கள்.

மாமல்லபுரத்துக்கு எத்தனை நேரம்?

ஒரு முழு நாள். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கூட்டம் அர்ச்சுனன் தபசையும் கடற்கரைக் கோயிலையும் சுற்றியே இருக்கும். வராக மண்டபமும் மகிடாசுரமர்த்தினி மண்டபமும் குன்றின்மேல் ஒப்பீட்டளவில் அமைதியாக இருக்கும். மண்டகப்பட்டின் பருத்த தூணைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு, வராக மண்டபத்தில் அமர்ந்த சிங்கத்தின்மேல் எழும் மெலிந்த தூண், இரண்டு தலைமுறைக்குள் உளி எவ்வளவு பழகிவிட்டது என்பதைத் தானே காட்டிக்கொடுக்கும். வடக்கே சாளுவன்குப்பத்தில் புலிக்குகையோடு, 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வெளிப்பட்ட செங்கல் முருகன் கோயிலின் அடித்தளத்தையும் பாருங்கள்.

உண்மையான சுண்ணாம்புக் குகையே வேண்டும் என்றால்?

ஆந்திரத்தின் நந்தியாலா மாவட்டத்தில் உள்ள பேலம் குகைக்குப் போக வேண்டும். 3,229 மீட்டர் நீளமுள்ள அதில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் வரை விளக்கு போட்டுப் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறார்கள். பல்லாவரத்தில் 1863இல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட்தான் 1884இல் இந்தக் குகையைப் பற்றியும் குறித்து வைத்தவர். உள்ளே வெக்கை கடுமையாக இருக்கும். மூச்சிரைப்பு உள்ளவர்களும் இதய நோயாளிகளும் வாயிலுக்கு அருகிலேயே திரும்பிவிடுவது நல்லது. திருப்பதி, கடப்பா வழியாகப் போகும் இந்தப் பயணத்தை ஒரே மூச்சில் ஓட்டாமல், கடப்பாவில் ஓர் இரவு தங்கி, மறுநாள் ஜம்மலமடுகு அருகே ஆந்திரப் பென்னாற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் உள்ள கண்டிக்கோட்டாவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆந்திர எல்லைக்கான அனுமதிச் சீட்டை வண்டி எடுக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.